நுழைவாயிலின் ‘நெட்’டைக் கடன் வாங்குதல்

கேள்வி: வீட்டு ரவுட்டர் செய்யும் ‘நாட்’ முகவரி மாற்றம் இல்லாமலே, பிளான் 9 இயங்குதளத்தில் உள்வலைக் கணினிகள் இணையத்தை அடைய முடியும் என்று படித்தேன். பொது முகவரி ஒன்றே இருக்கும்போது அது எப்படி இயலும்? கணினியின் பெயருக்குரிய முகவரியைக் கண்டறியும் பெயர்த் தேடல் எங்கே நடக்கிறது?

பதில்: நாட் முறையில் ரவுட்டர், வெளியே செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) உள்முகவரியை நீக்கித் தன் முகவரியை எழுதுகிறது, பதில் வரும்போது தன் அட்டவணையைப் பார்த்துத் திரும்ப மாற்றுகிறது. இதனால், முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்) போன்ற நெறிமுறைகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

பெல் ஆய்வகத்தில் உருவான பிளான் 9, பாக்கெட்டைத் தொடவே இல்லை. அங்கே டிசிபி இணைப்பு (இரு கணினிகளுக்கிடையே தரவை ஒழுங்காகக் கொண்டுசெல்லும் இணைப்பு) என்பதே சில கோப்புகள்தான். ‘நெட்’ கோப்பகத்தில் டிசிபிக்குரிய ‘குளோன்’ கோப்பைத் திறந்தால் புதிய இணைப்பு ஒதுக்கப்படுகிறது. அதைப் படித்தால் இணைப்பின் எண் கிடைக்கிறது. சேர வேண்டிய முகவரியை அதிலேயே எழுதியபின், அந்த எண்ணுள்ள கோப்பகத்தின் ‘டேட்டா’ கோப்பு வழியாகத் தரவு ஓடுகிறது. கோப்பு எதுவாயினும் பிளான் 9இன் கோப்புப் பகிர்வு நெறிமுறையான 9பியால் வேறொரு கணினியிலிருந்து பெறலாம் என்பதால், உள்வலைக் கணினி ‘இம்போர்ட்’ கட்டளையைக் கொண்டு, பொது முகவரியுள்ள நுழைவாயில் கணினியின் நெட் கோப்பகத்தைத் தன் பெயர்வெளியில் (தனக்குத் தெரியும் கோப்புகளின் அமைப்பில்) பொருத்திக்கொள்கிறது. அதன்பின் அது திறக்கும் இணைப்பு நுழைவாயிலிலேயே, அதன் பொது முகவரியுடனேயே பிறக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளையும் அதே வழியில் ஏற்கலாம். பெயர்வெளி ஒவ்வொரு புராசஸ் (இயங்கும் நிரல்) குழுவுக்கும் தனித்தனியானது; ஆகவே ஒரு சாளரம் நுழைவாயிலின் வலையிலும் அடுத்த சாளரம் உள்வலையிலும் இயங்க முடியும்.

பெயர்த் தேடலும் இதே அமைப்பில் அடங்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘சிஎஸ்’ என்னும் இணைப்புச் சேவையும், இணையப் பெயர்களுக்கு முகவரி தரும் டிஎன்எஸ்ஸும் நெட் கோப்பகத்திலேயே கோப்புகளாக உள்ளன. கணினியின் பெயரையும் சேவையின் பெயரையும் சிஎஸ் கோப்பில் எழுதினால், எந்தக் குளோன் கோப்பைத் திறந்து எந்த முகவரியை எழுத வேண்டும் என்பதே விடையாக வருகிறது. உள்ளூர் நெட்டை முற்றிலும் மறைத்துப் பொருத்தினால் தேடலும் நுழைவாயிலில் நடக்கும். நுழைவாயிலின் நெட்டை உள்ளூர் நெட்டின் பின்னால் சேர்த்துப் பொருத்தினாலோ உள்ளூர்ச் சிஎஸ்ஸே முதலில் விடை தரும். இங்கே கவனம் தேவை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்பவர்கள் வெளிவலையை ‘நெட்.ஆல்ட்’ என்ற தனிக் கோப்பகத்தில் பொருத்துவார்கள்.

இருப்பினும் இந்த ஏற்பாட்டுக்கு உள்ளிருக்கும் ஒவ்வொரு கருவியும் 9பி பேச வேண்டும், நுழைவாயில் அதன் பயனரை நம்பவும் வேண்டும். 1994இல் ஆர்எஃப்சி 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரித்த நாட் முறையோ உள்கணினிகளிடம் எந்த மாற்றத்தையும் கேட்கவில்லை. அது எங்கும் பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.