திறந்த ரெட் ஒயின் ஐந்தே நாளில் புளித்தது ஏன்?
வணக்கம். நாசிக்கில் வாங்கிய ரெட் ஒயின் சமையலறை அலமாரியில் இரண்டு மாதம் இருந்தது, திறந்த ஐந்தாம் நாள் புளித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காற்றுதான் காரணம். திறந்ததை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். வெளியே, அதுவும் உங்கள் மும்பை செம்பூர் வெக்கையில், தாங்காது. மீதியைக் கொட்ட வேண்டாம், சமையலுக்கு ஆகும்.

திறக்காத பாட்டிலுக்கு 12 முதல் 15 டிகிரி நல்லது. அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். சில வாரத்தில் குடிப்பதென்றால் ஃப்ரிட்ஜே போதும். நாள்பட வைப்பதானால் கார்க் காயாதபடி படுக்க வையுங்கள். திருகுமூடி என்றால் நிறுத்தியே வைக்கலாம்.

அப்புறம், ரெட் ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறுவது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் வந்த வழக்கம். நம் அறையோ 30 டிகிரி! பரிமாறும் முன் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16–18 டிகிரியில் பழ வாசனை அவ்வளவு அழகாக எழும்.