ஈப்போவிலிருந்து புது விமானச் சேவை வருமா? கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. விமான நிறுவனங்களில் தடம், கட்டணம், விமான வாடகை என்று திட்டமிடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கமுனிங் தோட்டத்துத் தம்பி: ஐயா, பக்கத்தில் ஈப்போ விமான நிலையம் இருக்கிறது, இவ்வளவு ஜனமும் இருக்கிறது. கோலாலம்பூருக்கு யாராவது சின்ன விமானம் விட்டால் ஓடாதா?

ஓடாது தம்பி. ஈப்போவில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிடலாம், அதுவும் நகரத்தின் நடுவில். விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். ஆனால் ஒரு மணி நேரம் முன்னாடியே போய்க் காத்திருக்க வேண்டும், சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு மணி நேரம். பிறகு யார் ஏறுவார்கள்?

கடலோ மலையோ குறுக்கே இருக்கும் ஊர்கள்தான் சின்ன நிறுவனத்துக்குப் பிழைப்பு. ஈப்போவிலிருந்து என்றால் நான் முதலில் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் இருக்கும் மேடானைப் பார்ப்பேன், அப்புறம் தித்திவங்சா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோத்தா பாரு.

கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன்: ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்களாமே. அப்படியென்றால் உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்?

2001இல் டோனி பெர்னாண்டஸ் குழு ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியது உண்மைதான். கூடவே சுமார் 40 மில்லியன் ரிங்கிட் கடனையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை.

விமானத்தைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், வாடகைக்கு எடுப்பார்கள். முன்பணம், மாத வாடகை, அதற்கு மேல் பராமரிப்புக்கென்று பறக்கும் மணிக்கும் தரையிறங்கும் தடவைக்கும் கணக்குப் பார்த்துக் கட்டும் தொகை, இது எல்லாமே டாலரில். எண்ணெய் விலையும் டாலரில்தான் ஏறி இறங்கும். ஆனால் டிக்கெட்டை விற்பது ரிங்கிட்டில். புது நிறுவனங்கள் பல விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் அழுத்தமான கருத்து.

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஒரு விமானத்துக்கு மாத வாடகை 1,50,000 டாலர் என்று வையுங்கள். டாலர் 4.20 ரிங்கிட் என்றால் 6,30,000 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வரை போனது. அந்த விலைக்கு 7,20,000. ஒரு விமானத்துக்கு மட்டும் மாதம் 90,000 ரிங்கிட் கூடுதல். டிக்கெட் 150 ரிங்கிட் என்றால், இன்னும் 600 பேர் ஏறினால்தான் அந்த ஓட்டையை அடைக்க முடியும். அவர்களை ஏற்றிப்போகும் எண்ணெய்ச் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

அதனால் எத்தனை மில்லியன் என்று கேட்பதைவிட, ஒரு டிக்கெட்கூட விற்காமல் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று கேளுங்கள். ஒரு வருடம் என்று பதில் வராவிட்டால் நான் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

கல்லூரி மாணவி: அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், ஐயா?

இரண்டு தாள்கள் வேண்டும், தங்கச்சி. ஒன்று வணிக உரிமம். பணபலத்தைப் பார்த்துக் கொடுப்பது. முன்பு மாவ்காம் எனும் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் மாவ்காம், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.முடன் இணைந்துவிட்டதால் இப்போது இரண்டும் சி.ஏ.ஏ.எம். கையில்தான். இன்னொன்று ஏ.ஓ.சி. எனும் இயக்கச் சான்றிதழ். கையேடுகள், பயிற்சி, பொறுப்பாளர்கள் என்று எல்லாவற்றையும் சோதித்து, பயணிகள் இல்லாமல் பறந்து காட்டச் சொல்லி, அப்புறம்தான் கொடுப்பார்கள். அதுவரை விமானிக்கும் பொறியாளருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வருமானம் ஒரு காசு கிடையாது.

லிந்தாங்கிலிருந்து ஓர் அம்மா: காற்றாடி வைத்த விமானம் பழசுதானே? ஏற பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. ஏ.டி.ஆர். 72-600 இன்றும் புதிதாகத் தயாராகிற விமானம். சுமார் 70 பேர் போகலாம். குறுகிய தூரத்தில் ஜெட்டைவிட எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஓடுபாதையும் சிறியது போதும்.

அடுத்த முறை ஏறும்போது கவனியுங்கள். பயணிகள் பின்பக்கக் கதவால் ஏறுவார்கள், பெட்டிகள் முன்பக்கம் போகும். கதவிலேயே படிக்கட்டு இருக்கும். வலது இயந்திரத்தின் காற்றாடி அசையாமல் நிற்கும், ஆனால் இயந்திரச் சத்தம் கேட்கும். காற்றாடியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு மின்சாரமும் குளிர்ச்சியும் எடுக்கிறார்கள். தரையில் மின்சாரம் கொடுக்கும் வண்டி, ஏணிவண்டி இல்லாத சின்ன நிலையத்தில்கூட இந்த விமானம் சமாளிக்கும். எங்களைப் போன்ற திட்டக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்: புது நிறுவனத்தில் டிக்கெட் வாங்கினால் பணம் பாதுகாப்பா?

நியாயமான பயம், சார். மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது, 2023 அக்டோபர் 12 விடியற்காலையில் சேவையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பெட்டியோடு விமான நிலையம் வந்தவர்களுக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் ரயானி ஏர், 2015 டிசம்பரில் லங்காவியை மையமாக வைத்து இரண்டு போயிங் 737களோடு தொடங்கியது. 2016 ஜூனில் சான்றிதழே ரத்தானது. ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்ததுதான் இந்த மாதிரிக் கதைகளில் என்னை அதிகம் வாட்டுவது.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆறு மாதத்துக்கு அப்பால் உள்ள பயணத்துக்குப் புது நிறுவனத்தில் இப்போதே வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஈப்போவிலிருந்து திருச்சிக்கு நேராக விடலாமா? (நிறையப் பேர் கேட்டது)

ஏ.டி.ஆர். எட்டாது. தூரம் 2,500 கிலோமீட்டர் அளவில், அது முழு பாரத்தோடு போவது 1,400 அளவுதான். ஜெட் வேண்டும், இந்தியாவும் மலேசியாவும் செய்துகொண்ட விமானச் சேவை ஒப்பந்தத்தில் இடமும் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஏற்கெனவே வேறு நிறுவனங்கள் திருச்சிக்குப் பறக்கின்றன. புதுசாக வருபவர் அவர்களோடு மோதக் கூடாது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி: சிங்கப்பூருக்கு?

ஆள் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டு நிலையம் என்றால் நம் கையில் இல்லாத விஷயமும் வரும். 2018 டிசம்பர் 1 முதல் ஃபயர்ஃபிளை நிறுவனம் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து செலேத்தார் நிலையத்துக்கு மாற வேண்டியிருந்தது. செலேத்தாரில் தரையிறங்கும் முறை ஜொகூரில் இருக்கும் பாசிர் கூடாங் வான்வெளியைத் தொடுகிறது என்று இரு அரசுகளுக்கும் தகராறு. சிங்கப்பூர்ச் சேவை முழுவதும் நின்று, 2019 ஏப்ரலில்தான் மீண்டது. பெரிய குழுமத்தின் துணை நிறுவனம் என்பதால் தாங்கியது. இரண்டு விமானம் வைத்திருப்பவர் அந்த மாதிரி நாலு மாதத்தைத் தாண்ட மாட்டார். ஒரே தடத்தை நம்பித் தொடங்காதீர்கள்.

ஒரு தாய்: மகன் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டான். விமானி படிப்புக்கு வீட்டை அடகு வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. உரிமம் வாங்கியும் வேலை கிடைக்காமல் இருக்கும் பிள்ளைகளைக் கொரோனாவுக்குப் பிறகு நிறையப் பார்த்தேன். புது நிறுவனம் வந்தாலும் அது முதலில் தேடுவது அனுபவமுள்ள கேப்டனைத்தான். அந்த நிலைக்கான உரிமத்துக்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மகனுக்கு இயந்திரத்தில் ஆசை இருந்தால் விமானப் பராமரிப்புப் பொறியாளர் வழியைப் பாருங்கள். அதற்கான பார்ட் 66 உரிமம் உள்ளவன் கையெழுத்துப் போடாமல், பராமரிப்புக்குப் போன விமானம் பொதுவாகத் திரும்பப் பறக்காது. செலவும் விமானிப் படிப்பைவிடக் குறைவு. சுபாங்கில் பராமரிப்பு நிறுவனங்கள் பல இருக்கின்றன. மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்தப் படிப்பு, எங்கே என்று உட்கார்ந்து பார்ப்போம்.