யூடியூபிலேயே எல்லாம் இருக்கும்போது, சினிமாவுக்கு வரும் இளைஞர்களுக்கு வழிகாட்டி தேவையா?

தேவை என்றுதான் சொல்வேன். லென்ஸ், லைட்டிங் எல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம், சரி. ஆனால் உங்கள் காட்சியில் எது ஒட்டவில்லை என்று எந்த வீடியோவும் சொல்லாது.

என் முதல் குறும்படத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, அப்புறம்தான் கடிதத்தைப் பிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மூத்த எடிட்டர் ஒருவர், "கடிதத்தைப் பிரிக்கிற கையில் இருந்து ஆரம்பி" என்றார். 40 விநாடி போனது, காட்சிக்கு உயிர் வந்தது.

புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1936இல் உதவி இயக்குநராகச் சேர்ந்து, பெரும்பாலும் கஜிரோ யமமோட்டோ என்ற இயக்குநரிடம்தான் வேலை பார்த்தார். இயக்குநராக வேண்டுமானால் திரைக்கதை எழுதப் பழகு என்று எழுதவைத்து, எடிட்டிங்கிலும் இறக்கிவிட்டவர் அவர். 1943இல் குரோசவாவின் முதல் படம் வந்தது.

"எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். 5 நிமிடக் காட்சியை அனுப்பி, குறிப்பாக ஒரே ஒரு சந்தேகம் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள். கற்றுத்தருகிறேன் என்று சொல்லி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் எடுபிடி வேலை மட்டும் வாங்குபவரிடம் இருந்து தயங்காமல் விலகிவிடுங்கள்.