எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் திரைப்படப் படிப்பு: கடன் வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: சென்னையில் விஸ்காம் முடித்து, இரண்டு படங்களில் உதவி இயக்குநராக வேலை செய்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலீஸில் மூன்றாண்டு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) திரைப்படத் தயாரிப்புப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிக்கும்போதே படப்பிடிப்புகளில் வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்றும், முடித்தபின் மூன்றாண்டுகள் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். நம்பிக் கடன் வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் பெரும்பாலும் பொறியியல் படித்தவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லும் மூன்றாண்டு, படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கும், ஓபிடி எனப்படும் 12 மாதப் பணி அனுமதியும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் 24 மாதங்களும் சேர்ந்தது. ஒரு படிப்பு அந்தத் துறைகளுக்கான அமெரிக்க அரசின் பட்டியலில் வருமா என்பதைத் தீர்மானிப்பது பட்டத்தின் பெயர் அன்று. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவுக்கு அருகில் அச்சிடப்படும் சிஐபி குறியீடு, அதாவது படிப்புகளை வகைப்படுத்தும் எண். திரைப்படத் தயாரிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் உரிய 50.0602 அந்தப் பட்டியலில் இல்லை. அனிமேஷன், சிறப்புக் காட்சிகள் சார்ந்த 10.0304 இருக்கிறது. ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் நடக்கும் இரண்டு படிப்புகளுக்கு இரண்டு வேறு குறியீடுகள் இருக்கக்கூடும் என்பதால், உங்கள் படிப்பின் குறியீட்டைக் கல்லூரியிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். 50.0602 என்று பதில் வந்தால், உங்களுக்கு 12 மாதங்கள்தான்.

படிக்கும் காலத்து வேலையைப் பொறுத்தவரை, கோடம்பாக்கத்துப் பழக்கம் அங்கே ஆபத்தானது. இங்கே தெரிந்தவர் கூப்பிட்டால் மறுநாள் காலையில் படப்பிடிப்புத் தளத்தில் நின்று, மாலையில் பேட்டா வாங்கிக்கொண்டு வரலாம். எஃப்-1 மாணவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை மட்டுமே வேலை செய்யலாம். கேமரா, விளக்குகளை வழங்கும் கருவி அறை, படத்தொகுப்புக் கூடம், ஆசிரியருக்கு உதவியாளர் போன்றவை திரைப்பட மாணவர்களுக்குப் பொருத்தமான இடங்கள். வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய சிபிடி என்ற, படிக்கும் காலத்துப் பணிப் பயிற்சிக்கான அனுமதி வேண்டும். அது பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும், பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது வேலை தொடங்குமுன்பே ஐ-20-இல் பதிவாகியிருக்க வேண்டும். முழுநேர சிபிடியை 12 மாதங்கள் பயன்படுத்திவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி கிடையாது. சம்பளமே வாங்காமல் போனால் தவறில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையை ஒரு வணிக நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்வதும் அனுமதியில்லா வேலையாகக் கருதப்படலாம். வகுப்புத் தோழர்களின் பயிற்சிப் படங்களில் பாடத்தின் பகுதியாக வேலை செய்ய இந்தத் தடை இல்லை. தொடர்புகளும் அங்கேதான் உருவாகின்றன.

ஓபிடியில் தங்கியிருக்கும்போது மொத்தம் 90 நாள்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. திரைத்துறையிலோ மூன்று நாள் வேலை, பத்து நாள் ஓய்வு என்பது இயல்பு. நல்லவேளையாக, பல நிறுவனங்களில் குறுகிய காலப் பணிகளை மாறி மாறிச் செய்வதற்கு விதி இடம் தருகிறது. ஆனால் வாரம் குறைந்தது 20 மணி நேரம், படித்த துறையிலேயே வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு பணியின் தேதியையும் கால அளவையும் நிறுவனத்தின் பெயரையும் குறித்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள்கள் முன்பிருந்து 60 நாள்கள் பின்பு வரை ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்கான இறுதிப் படத்தின் படத்தொகுப்பு இழுத்துக்கொண்டே போவது எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதுதான். அந்த நிலையில் அவசரப்பட்டு ஓபிடியைத் தொடங்கினால், அரிய 12 மாதங்களில் சில, சொந்தப் படத்தின் அறையிலேயே கரைந்துவிடும். படம் முடியாதென்று தெரிந்தால், ஐ-20-இன் இறுதித் தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேளுங்கள்.

அதற்கு மேலும் தங்க விரும்பும் திரைக்கலைஞர்கள் பெரும்பாலும் நாடுவது ஓ-1பி என்ற, சாதனைக் கலைஞர்களுக்கான பணி விசா. அசாதாரணச் சாதனையைக் காட்ட வேண்டும். தொழிற்சங்கம் ஒன்றின் கருத்துக் கடிதமும், தயாரிப்பாளர் தரப்பு அமைப்பு ஒன்றின் கருத்துக் கடிதமும் தேவை. ஒரு முகவர் மூலம் பல நிறுவனங்களின் பணிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்பது இதன் வசதி. திரைவிழாத் தேர்வுகள், விருதுகள், பத்திரிகைக் குறிப்புகள் ஆகியவற்றை முதலாண்டிலிருந்தே சேர்த்து வைக்காதவர்களுக்கு இது எளிதாகக் கைகூடாது. இதை நம்பி மட்டும் கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

கடன் என்றதும் ஒரு செய்தி. விசாவுக்கு முதலாண்டுச் செலவுக்கான பணம் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும்; அடுத்த ஆண்டுகளுக்கும் பணம் கிடைக்கும் என்று அதிகாரி நம்பவும் வேண்டும். இறுதிப் படத்தின் செலவு கட்டணத்துக்கு வெளியே, மூன்றாம் ஆண்டில் உங்கள் தலையில் விழக்கூடும். இந்திய வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் தவணை தொடங்குவது படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் கழிந்தபின். அதாவது உங்கள் ஓபிடி முடிகிற அதே பருவத்தில்தான் மாதத் தவணை தொடங்கும். அந்தத் தவணையைச் சென்னையில் கிடைக்கும் வருமானத்தில் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள்; முடியும் என்றால் போங்கள். முடியாதென்றால், கல்லூரியின் உதவித்தொகை முடிவு தெரியும்வரை சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.