கருப்பட்டிக்கு ஒரு கதை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கதைகளை ஏழெட்டு வருடமாக வாசித்து வருகிறேன். இதுவும் கதை சம்பந்தப்பட்ட கடிதம்தான், ஆனால் வியாபாரக் கடிதம்.

எங்கள் வீடு உடன்குடி பக்கம். மாமா பனையேறி, நாற்பது வருடமாக ஏறுகிறார். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டோம். வீட்டில் காய்ச்சுகிற கருப்பட்டியை மொத்த வியாபாரிக்குப் போடாமல் நேரடியாக விற்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். இப்போது கூரியரில் மாதம் அறுபது, எழுபது கிலோ போகிறது.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனேன். பொருளை விற்காதீர்கள், கதையை விற்கப் பழகுங்கள் என்றார்கள். அமெரிக்காவில் ஒன்றுக்கும் ஆகாத சாமான்களுக்கு ஆளுக்கொரு கதை எழுதிச் சேர்த்து, வாங்கிய விலையைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் விற்றார்களாம். சரி என்று தெரிந்த பையன் ஒருவனிடம் எழுதி வாங்கி அட்டையில் அச்சடித்தேன். பாண்டிய மன்னர் அரண்மனைக்குக் கருப்பட்டி கொடுத்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டியின் ரகசியம் என்றெல்லாம் வரும். மாமா அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போன கார்த்திகையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போனில் சத்தம் போட்டார்கள். பார்சலில் கருப்பட்டி இளகி அட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, காப்பியில் அடியில் மண் மாதிரி நிற்கிறது, இதையா ராஜாவுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை.

நீங்கள் ஒரு நல்ல கதையாக எழுதித் தர முடியுமா? என்ன கட்டணமோ தருகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த அமெரிக்கக் கதையை முடித்துவிடுவோம். அது நடந்ததுதான். 2009-இல் ராப் வாக்கர், ஜோஷுவா க்ளென் என்ற இரண்டு பேர் பழைய சாமான் கடைகளில் நூறு பொருட்களை வாங்கினார்கள். மொத்தச் செலவு 128 டாலர் 74 சென்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தாளரிடம் கதை எழுதி வாங்கி, ஈபே தளத்தில் ஏலம் விட்டார்கள். 3,612 டாலர் 51 சென்ட் வந்தது. கணக்குப் போட்டால் இருபத்தெட்டு மடங்கு.

இதுவரைக்கும் உங்கள் வகுப்பில் சொன்னது சரி. சொல்லாமல் விட்டது, ஒவ்வொரு கதைக்கும் கீழே எழுதியவர் பெயர் இருந்தது என்பதையும், அது கற்பனை என்று வெளிப்படையாகவே தெரிவித்திருந்தார்கள் என்பதையும். வாங்கினவர்கள் ஏமாந்து வாங்கவில்லை. பொம்மையோடு ஒரு சிறுகதையும் கிடைக்கிறதே என்று தெரிந்தேதான் ஏலம் கேட்டார்கள். இன்னொன்று, அந்தப் பொம்மையை வாங்கியவர் அடுத்த மாதம் இன்னொன்று கேட்டு வரப்போவதில்லை. உங்கள் கோயம்புத்தூர் அம்மா பிடித்திருந்தால் மாதாமாதம் வாங்குவார்கள். தினமும் காலையில் காப்பி போடும்போது உங்கள் அட்டையில் அச்சடித்ததும் டம்ளரின் அடியில் நிற்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் சுக்குக் காப்பிப் பொடி போட்டார். அட்டையில் என்ன எழுத என்று கேட்டார். ஒரு மத்தியானத்தில் ஒரு ஆச்சியை உண்டாக்கிக் கொடுத்தேன். ஆச்சிக்குக் காதில் பாம்படம், கையில் உலக்கை, ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். நன்றாகத்தான் வந்திருந்தது. பொடியும் நன்றாகவே விற்றது. ஒருநாள் வயதான ஒருவர் பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். ஆச்சியைப் பார்க்க வேண்டுமாம். அவருடைய அம்மாவும் அப்படித்தானாம். நண்பர் பதறிப்போய் ஆச்சி தவறிவிட்டாள் என்றார். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, “எந்த மாசம் தவறினாங்க?” என்று கேட்டார். நண்பர் ஒரு மாசத்தைச் சொன்னார். அதை என்னிடம் சொன்னபோது அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் யாருக்கும் நான் அட்டைக்கு எழுதித் தரவில்லை. தமிழ்நாட்டில் இன்றைக்குப் பாட்டி இல்லாத ஊறுகாய் பாட்டிலே கிடையாது. அதில் எத்தனை பாட்டிகள் என்னுடையதைப் போன்றவர்களோ.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் அம்மா இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஏன் இளகுகிறது? ஏன் அடியில் கசடு நிற்கிறது? உங்கள் கருப்பட்டியின் கதை அந்த இரண்டு கேள்விக்குள்தான் இருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்குக் குறையாகப் படுவது எதுவோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அந்தப் பொருளைக் கையால் செய்தவர் மட்டும்தான். பாண்டியரை யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். பக்கத்துத் தெருக்காரர் நாளைக்கே சோழரைப் போடுவார்.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையைப் பாருங்கள். சாயங்காலம் திறந்து சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடுகிற அல்வாக் கடை. வெளிச்சம் பத்தாத கடை என்பது வேறு எவருக்கும் ஒரு குறை. வாங்க வந்த சனங்கள் அந்தக் குறையையே பெயராகச் சொல்லப் பழகிவிட்டார்கள், கடைக்காரர்களும் ஓடிப்போய் வரிசையாக டியூப்லைட் மாட்டவில்லை.

நான் ஒருமுறை உங்கள் பக்கத்து விடிலி ஒன்றில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், ஒரு முழுக்காலை உட்கார்ந்திருக்கிறேன். கலயங்கள் மரத்திலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்தன. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம். அது இல்லையென்றால் பதநீர் கள்ளாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், கோயம்புத்தூர் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டு அம்மா பதநீரை, மட்டையடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடையில் வடித்துச் சட்டியில் ஊற்றினார். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறவனைப் பன்னாடை என்று திட்டுகிறோமே, அதே பன்னாடைதான். (உங்கள் வகுப்புக்காரர்களும் அந்த அமெரிக்கக் கதையைப் பன்னாடையில் வடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் தங்கியது இருபத்தைந்து மடங்கு மட்டும்.)

அடுப்பில் காய்ந்த ஓலையும் மட்டையும் எரிந்தன. பனையின் பதநீரைப் பனையை எரித்தே காய்ச்சுகிறார்கள். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. அவர் பொடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போட்டார், பொங்கியது அப்படியே அடங்கியது. அப்புறம் மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருப்பதுதான். புகை என் கண்ணைக் கரித்தது, நான் வெளியே போய்ப் போய் வந்தேன். அவர் நகரவில்லை. கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்து, பாகை அதில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். “பதம் வரப்போவுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டேன். “சத்தம் மாறும்லா” என்றார். எனக்கு எந்தச் சத்தமும் மாறினதாகத் தெரியவில்லை. பிறகு வரிசையாகப் பரப்பி வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். கருப்பட்டிக்கு அந்த வடிவம் வந்த கதை அவ்வளவுதான். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றி ஒரு கிலோ.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், உங்கள் கடிதத்தில் மாமா இருக்கிறார், ராஜா இருக்கிறார், பையன் இருக்கிறான். காய்ச்சுகிற ஆள் இல்லை. உங்கள் வீட்டில் யார் காய்ச்சுகிறார்கள்? அத்தைதானே? நான் பார்த்த கருப்பட்டி அட்டைகள் அத்தனையிலும் ஒரு பனைமரம், அதில் ஏறுகிற ஒரு ஆண். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணை ஒரு அட்டையிலும் நான் பார்த்ததில்லை. மாமா ஏறவில்லை என்றால் பதநீர் இல்லை, உண்மைதான். ஆனால் அந்தச் சத்தம் மாறுவது அவர் காதுக்குக் கேட்குமா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த இரண்டு கேள்விகள். இளகுவது கருப்பட்டியின் குணம். காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைத்தது அதற்காகத்தான். எவ்வளவு மழையிலும் கல் மாதிரி இருந்து, உடைத்தால் உள்ளே பளபளவென்று இருந்தால் சீனி கலந்திருக்கும் என்று பழைய வியாபாரிகள் சந்தேகப்படுவார்கள். ஆகவே இதை மறைக்க வேண்டாம், முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கசடு அப்படியில்லை. கொஞ்சம் சுண்ணாம்பும் சாம்பலும் தங்கத்தான் செய்யும், நம் வீட்டில் கரைத்து வடிகட்டாமல் யாரும் காப்பியில் போடுவதில்லை. ஆனால் அந்த அம்மா மண் மாதிரி என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கதை சொல்லாதீர்கள். பன்னாடைக்கு அப்புறம் மெல்லிய துணியில் இன்னொரு தடவை வடிகட்டுங்கள். சரிசெய்யக்கூடிய குறைக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம், எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பும்போது காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்டுங்கள், அல்லது மழை விட்ட பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அட்டைக்கு எழுதித் தர மாட்டேன். ஆனால் பெட்டிக்குள் வைக்க ஒரு துண்டுச் சீட்டு, நீங்களே பேசுகிற மாதிரி இப்படி இருக்கலாம்:

“இந்தக் கருப்பட்டி மழைக்காலத்தில் இளகும். டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள். இளகினாலும் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. தட்டிப் போட்டு, வெந்நீரில் கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் நின்றால் அது கலயத்தில் தடவிய சுண்ணாம்பு. மரம் ஏறியது மாமா. காய்ச்சியது அத்தை. பெட்டியில் அடுக்கியது நான். பதநீர்க் காலம் முடிந்தால் அடுத்த பருவம் வரை புதுச் சரக்கு இருக்காது.”

கடைசி வரி சும்மா போட்டதல்ல. கையில் இருக்கிற சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான். வருடம் முழுவதும் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கிற கருப்பட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்கு நல்லது, குணமாகும் என்று பையன் எங்காவது எழுதியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். 1954-ஆம் வருடத்து மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலேயே நீரிழிவு இருக்கிறது. அதுபோகக் கருப்பட்டியும் இனிப்புதான். அப்புறம், உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையை நீங்கள் போட வேண்டுமானால் அனுமதி பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊர் அங்கே இருப்பது மட்டும் போதாது. பாண்டியருக்குச் செலவழித்த பணத்தை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

கட்டணம் வேண்டாம். இரண்டு கிலோ அனுப்புங்கள், பணம் அனுப்புகிறேன். மீதமிருக்கிற பழைய அட்டையில் எனக்குப் போட வேண்டாம். சீட்டை அச்சடிக்கக் கொடுக்கும் முன்னால் அத்தையிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். “காய்ச்சியது அத்தை” என்ற வரியை எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள். வேறு எதையாவது மாற்றச் சொன்னால், அவர்கள் சொல்கிறபடியே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி