ஊராட்சி ஊழியர் மீது பெரிய முறைகேட்டுப் புகார் கொடுத்தால் உண்மையில் நடவடிக்கை எடுப்பார்களா?

எடுப்பார்கள். முதல் மனுவிலேயே எடுத்துவிடுவார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

பெரியம்மா வருடா வருடம் வீட்டு வரியை ஊராட்சி ஊழியர் கையிலேயே கொடுத்துவிடுவார். "ரசீது புக் தீர்ந்துபோச்சு" என்று அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பெரியம்மா அவற்றை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். ஆன்லைனில் வரி கட்டும் வசதி வந்த பிறகு நான் போனில் பார்த்தால், மூன்று வருட நிலுவை! எங்கள் தெருவில் இன்னும் ஆறு வீட்டுக்கு இதே கதை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று போலீஸ் பையைச் சோதிப்பார்கள். பெரியம்மாவின் மோர் பாட்டிலைத் திறந்து முகர்ந்த பெண் காவலர், "நல்லா புளிச்சிருச்சும்மா" என்று சிரித்தார். மனுவுக்கு எண் போட்டு ரசீது தந்தார்கள். அது உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓ என்று படிப்படியாகக் கீழே இறங்கியது. பத்தாம் நாள் சாயங்காலம் அந்த ஊழியரே மனுவின் ஜெராக்ஸோடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியம்மா, இதுக்குப் போய் கலெக்டர் வரைக்குமா?"

யார் மீது புகாரோ, அவர் வேலை பார்க்கும் அலுவலகத்திடமே அறிக்கை கேட்பதுதான் நடைமுறை. "மனுதாரரிடம் விளக்கப்பட்டது" என்று அங்கிருந்து ஒரு கடிதம் வந்து கோப்பு மூடப்படும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

இரண்டாவது மனுவில் புலம்பலை எல்லாம் எடுத்துவிட்டோம். தேதி, தொகை, காலண்டர் தாள்களின் ஜெராக்ஸ், ஆறு வீட்டுக் கையெழுத்து, அவ்வளவுதான். "ஊழல்" என்ற சொல்லே இல்லை. "வசூலித்த தொகை ஊராட்சிக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை, அதே ஒன்றியத்தைச் சேராத அலுவலர் விசாரிக்க வேண்டும்" என்று எழுதினோம். கணக்கு என்று வந்துவிட்டால் மேலே இருப்பவருக்கும் தணிக்கை பயம் வந்துவிடும். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். நிலுவை நீங்கியது, ஆள் வேறு ஊராட்சிக்கு மாற்றப்பட்டார்.

மாற்றல் ஒரு தண்டனையே இல்லை, அது வேறு விஷயம். ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் அரசு ஊழியர் என்றால் குற்றச்சாட்டு தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ)வா, 17(பி)யா என்று பாருங்கள். சம்பள உயர்வை நிறுத்துவது போன்ற சிறு தண்டனைக்கு முதலாவது. பதவி இறக்கம், வேலை நீக்கம் வரை போகக்கூடியது இரண்டாவது. சஸ்பெண்டும் தண்டனை ஆகாது, விசாரணை முடியும்வரை ஆளை ஒதுக்கி வைப்பதுதான். அந்த நாட்களுக்குப் பிழைப்பூதியம் உண்டு.

இதைத் தெரிந்துகொள்ள 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். "அவருக்குக் கொடுத்த மெமோ நகல் வேண்டும்" என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். 2012ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. "இந்த எண் கொண்ட என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யார் மேஜையில்?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

லஞ்சம் கேட்டால் குறைதீர் கூட்டத்துக்கே போகாதீர்கள், நேராக லஞ்ச ஒழிப்புத் துறை. வேறு வழியில்லாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். பெண் பணியாளரிடம் பாலியல் சீண்டல் என்றால் அலுவலகத்தின் உள்ளகப் புகார் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில் அந்தக் குழு இருக்காது; அங்கே மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம்.