பேரழிவு ஆயுதங்கள் (அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள்) பயங்கரவாதிகள் கைக்குப் போகாமல் தடுக்கும் நிபுணர் ஆக அணு இயற்பியல் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. அமெரிக்கரான ரோல்ஃப் மோவாட்-லார்சனைப் பாருங்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், பிறகு சிஐஏ உளவு அதிகாரி, மாஸ்கோவிலும் பணியாற்றினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்தான் பாதை திரும்பியது: அல்-கொய்தாவிடம் பேரழிவு ஆயுதம் உண்டா என்று தேடும் பிரிவுக்குத் தலைவரானார். பாகிஸ்தானின் ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானி பஷிருதீன் மஹ்மூத் பின்லேடனைச் சந்தித்தது தெரியவந்ததும், சிஐஏ இயக்குநர் டெனட்டுடன் இஸ்லாமாபாத்துக்கே போய் அப்போதைய பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபிடம் பேசினார். அப்புறம் அமெரிக்க எரிசக்தித் துறையின் உளவுப் பிரிவு, பிறகு ஹார்வர்டில் ஆய்வு.

யார் யாரைச் சந்தித்தார்கள், எதற்காக என்று கண்டறிவதே இந்த வேலையின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அறிவியலை விஞ்ஞானிகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.